வயதான எண்ணெய்ப்பனைத் தோப்பில் மர நெருக்கம்

எண்ணெய்ப்பனை நட்டு பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆன விவசாயிகள் சிலர், "உரமும் நீரும் குறைவில்லாமல் கொடுத்தும் குலை குறைகிறதே" என்று கேட்கிறார்கள். உரத்தைக் குறை சொல்லுமுன் ஒரு கயிற்றை எடுத்து மரங்களின் இடைவெளியை அளந்து பார்ப்பது நல்லது.

சிபாரிசு செய்யப்படும் இடைவெளி முக்கோண முறையில் 9 மீட்டர்; ஏக்கருக்கு 57 மரங்கள். 8 மீட்டரில் நட்டால் 73 மரங்கள் பிடிக்கும். முதல் சில ஆண்டுகளில் இந்தக் கூடுதல் மரங்கள் லாபம்தான். எட்டு, பத்து வயதுக்குள் மட்டைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். பிறகு மரங்கள் வெளிச்சம் தேடி உயரமாகப் போகும். நிழலில் சிக்கிய மரம் பெண் பாளையைக் குறைத்து ஆண் பாளையை அதிகம் விடும். ஆண் பாளையில் குலை ஏது? உயரம் கூடக் கூட அறுவடைக் கூலியும் ஏறும்.

நெருக்கமான தோப்பில் மரங்களைக் கலைக்க ஏற்ற காலம் எட்டு முதல் பத்து வயது. வரிசையாக வெட்டிவிடக் கூடாது. ஓராண்டு முழுவதும் ஒவ்வொரு மரத்திலும் அறுத்த குலைகளைக் குறித்து வைத்து, காய்க்காத மரம், நோயுற்ற மரம், குன்றிய மரம் இவற்றையே முதலில் எடுக்க வேண்டும். பலன் உடனே தெரியாது. பாளை ஆணா, பெண்ணா என்பது குலை அறுப்பதற்குச் சுமார் இரண்டு ஆண்டுகள் முன்பே குருத்துக்குள் முடிவாகிவிடுகிறது. அதுவரை பொறுக்க முடியாமல், "வெட்டியது நஷ்டம்" என்று வருந்துவோர் உண்டு.

இருபது வயதுக்கு மேல் நல்ல மரத்தை வெட்டுவதில் பயனில்லை. எஞ்சிய மரங்கள் அந்த இழப்பை ஈடுகட்டுவது கடினம்.

மரம் செத்து விழுந்த இடத்தில் புதுக்கன்று வைப்பதும் வீண். முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குப் பின் நடும் கன்று, சுற்றிலும் உள்ள மரங்களின் நிழலில் நெடுநெடுவென்று வளருமே தவிர காய்க்காது. ஓரிரு இடைவெளிகளைப் பக்கத்து மரங்களே பயன்படுத்திக்கொள்ளும். பத்துப் பதினைந்து மரங்கள் போய், எஞ்சியவையும் எட்டாத உயரத்துக்கு வளர்ந்துவிட்டால், தோப்பு முழுவதையும் மாற்றி நடுவதே சரி. 2021-ல் அறிவிக்கப்பட்ட தேசிய சமையல் எண்ணெய்–எண்ணெய்ப்பனை இயக்கத்தில் பழைய தோப்பை மாற்றி நடக் கன்றுக்கு 250 ரூபாய் உதவி வகுக்கப்பட்டது. தற்போதைய நிலவரத்தைத் தோட்டக்கலை அலுவலரிடம் கேட்டறியலாம்.

முன்பு தென்னை இருந்து, தஞ்சாவூர் வாடல் நோய் கண்ட நிலமானால், பழைய அடிக்கட்டைகளையும் வேர்களையும் தோண்டி எடுத்து அழித்த பிறகே புதுக் குழி வெட்ட வேண்டும்.