வால்வு ஒலிபெருக்கியில் தொனி மாற்றம்

கிதார் கம்பியின் அதிர்வைக் காந்தச் சுருள் நுண்ணிய மின்னோட்டமாக்குகிறது; வால்வு அதனைப் பெருக்குகிறது. வீட்டில் செய்த சிறு ஒலிபெருக்கி கீச்சிட்டால், திருவண்ணாமலையில் நம் பாடற்குழுவின் இளங்குரல்கள் அதில் அமிழ்ந்துவிடும். இதைச் சீராக்க ஒரு கண்டென்சரும், திருகக்கூடிய ஒரு மின்தடையும் போதும்.

கண்டென்சர் உயர்ந்த ஸ்வரங்களை எளிதாகவும் தாழ்ந்தவற்றை அரிதாகவும் கடத்தும். ஆகவே இவ்விரண்டையும் தொடராக இணைத்து, வால்வின் கிரிட்டுக்குச் செல்லும் வழிக்கும் எர்த்துக்கும் இடையே வைத்தால், கூர்மை வடிந்து மென்மை எஞ்சும். திருப்பலிப் பாடலுக்கு மென்மை, ஆண்டு விழாவுக்குக் கூர்மை எனக் குமிழைத் திருகி நாமே தேர்ந்துகொள்ளலாம்.

கருவியைத் தேவைக்கேற்பத் திருத்துவது நமக்குப் புதிதன்று. மின் மாண்டலின் மேதை யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) இரட்டைக் கம்பிகளை நீக்கி, ஐந்து ஒற்றைக் கம்பிகளில் கர்நாடக இசையை வாசித்தார்.

ஒன்றை மறவோம்: பிளக்கைப் பிடுங்கிய பின்னும் பெரிய கண்டென்சர்களில் உயிரைப் பறிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும். விவரமறிந்த பெரியவர் துணையின்றி மூடியைத் திறவாதிருப்போம்.