தாத்தாவின் காருக்கு ஊசி போடலாமா?

"காருக்கு இன்ஜெக்ஷன் போட வேண்டும்" என்று என் மருமான் சொன்னதும், "யாருக்குடா உடம்பு?" என்று பதறிப் போனாள் என் அம்மா.

உடம்பு சரியில்லாதது தாத்தா 1968-ல் வாங்கிய பியட் 1100 காருக்குத்தான்! அதன் 1089 சி.சி. எஞ்சினை ரீபோர் செய்து, பெரிய பிஸ்டன்களும் புது காம் ஷாப்டும் போட்டிருக்கிறான் பையன். வேகம் வந்தது, சமர்த்து போய்விட்டது. சிக்னலில் நின்றால் இருமுகிறது. கொடைக்கானல் மலை ஏறும்போதோ ஒரே கறுப்புப் புகை!

"கார்புரேட்டரை எடுத்துவிட்டு இன்ஜெக்ஷன் வைப்போம்" என்கிறான் பையன். "தாத்தா இத்தனை வருஷம் கார்புரேட்டரில்தானே ஓட்டினார்?" என்கிறார் அத்திம்பேர். செலவுக்கு இருப்பதோ, சமையலறையைப் புதுப்பிக்க அக்கா சேர்த்து வைத்திருக்கும் பணம். "பத்திரிகையில் இருக்கிறாயே, விசாரித்துச் சொல்லேன்" என்றாள் அக்கா. விசாரித்தேன்.

ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய, சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். இந்தக் கலவையைத் தயாரிப்பதுதான் இரண்டுக்கும் வேலை.

கார்புரேட்டர், சென்ட் தெளிக்கும் குப்பி மாதிரி. குறுகிய கழுத்து வழியே காற்று விரையும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. 'ஜெட்' என்ற சின்னத் துவாரம் வழியே பெட்ரோல் தானாக வந்து கலக்கிறது. மின்சாரம் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். ஆனால் துவாரத்தின் அளவு மாறாது. 7,000 அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. சமவெளிக்குச் சரியாக இருந்த பெட்ரோல் அங்கே அதிகப்படி; அதனால்தான் கறுப்புப் புகை. சிக்னல் இருமலுக்குக் காரணம் புது காம் ஷாப்ட். அது வால்வுகளை அதிக நேரம் திறந்து வைப்பதால், மெதுவாக ஓடும்போது எஞ்சின் இழுக்கும் வேகம் தளர்ந்துவிடுகிறது.

இன்ஜெக்ஷனோ ருசி பார்த்து உப்புப் போடும் சமையற்காரர். புகைக் குழாயில் உள்ள ஆக்ஸிஜன் சென்ஸார் புகையை ருசி பார்த்துச் சொல்ல, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். மலையானாலும் மார்கழிக் குளிரானாலும் சமாளித்துவிடும். தாத்தா கார் வாங்குவதற்கு முந்திய வருஷமே, 1967-ல், போக்ஸ்வாகன் 1600 காரில் மின்னணு இன்ஜெக்ஷன் வந்துவிட்டது!

ஆனால் சமையற்காரர் தனியாக வரமாட்டார். கார்புரேட்டருக்கு வேண்டியதைப் போலப் பத்து மடங்குக்கு மேல் அழுத்தம் தரும் மின்சார பம்பு வேண்டும். அதைத் தாங்கும் ஹோஸ்கள் வேண்டும்; கசிந்தால் தீ விபத்துதான். மிச்சப் பெட்ரோல் டாங்குக்குத் திரும்பத் தனிக் குழாய் வேண்டும். பழைய டைனமோ போதாது, ஆல்டர்னேட்டர் வேண்டும். எல்லாம் வைத்த பிறகும், மாற்றிய எஞ்சினுக்கு ஏற்பக் கம்ப்யூட்டருக்குப் பாடம் சொல்லித் தரத் தெரிந்த ஆள் வேண்டும். நடுவழியில் நின்றால், ஜெட்டை ஊதிச் சுத்தம் செய்து அனுப்பும் ரோட்டோர மெக்கானிக்கால் உதவ முடியாது.

தினமும் ஓட்டுகிறவர்கள், அடிக்கடி மலை ஏறுகிறவர்கள், எஞ்சினை நிறைய மாற்றியவர்கள் இந்தச் செலவைச் செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும் காருக்கு?

அனுபவசாலி மெக்கானிக் ஒருவர் நடுவழி சொன்னார்: "முதலில் அளந்து பாருங்கள்." புகைக் குழாயில் சென்ஸார் ஒன்றும் டாஷ்போர்டில் மீட்டர் ஒன்றும் வைத்தால், கார்புரேட்டர் எங்கே தவறுகிறது என்று தெரிந்துவிடும். ஜெட்டை மாற்றித் திருத்தலாம். திருந்தாவிட்டால் அப்புறம் இன்ஜெக்ஷன். இன்னொன்றும் சொன்னார்: இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலப்பதால், எதைத் தேர்ந்தாலும் பழைய ரப்பர் ஹோஸ்களை மாற்றியே ஆக வேண்டும். எஞ்சின் மாற்றங்களை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுச் செய்வதும் அவசியம்.

அக்கா ஒரே கேள்வி கேட்டாள்: "வருஷத்தில் எத்தனை தடவை கொடைக்கானல் போகிறோம்?"

"ஒரு தடவை" என்றான் பையன், குரல் இறங்கி.

"அப்படியானால் ஊருக்கு ஒரு ஜெட், மலைக்கு ஒரு ஜெட். போதும்."

மீட்டர் வந்தது, ஜெட்டுகள் மாறின. சிக்னலில் இப்போது லேசான செருமல் மாத்திரம்தான். மருமான் மீட்டரின் முள்ளைப் பார்த்தபடி காரைச் சுற்றி வருகிறான். அக்காவோ சமையலறையில் அலமாரிக்கு அளவெடுத்துக் கொண்டிருக்கிறாள்!