நீடித்து ஓடிய மின்சாரம்

1800 மார்ச் 20 அன்று இத்தாலியின் கோமோ நகரிலிருந்து லண்டன் ராயல் சொசைட்டிக்கு அலெசாண்ட்ரோ வோல்ட்டா எழுதிய கடிதத்தில் இருந்த கருவி பார்வைக்கு மிக எளியது. வெள்ளித் தகடு, துத்தநாகத் தகடு, உப்புநீரில் நனைத்த அட்டை. இந்த வரிசை திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டது, அவ்வளவுதான். உலகுக்கு மின்சாரத்தை முதலில் தந்தது இதுதான் என்று சொல்லும் வழக்கம் உண்டு, அது சரியல்ல. உராய்வு எந்திரங்களும் 1740களில் வந்த, மின்சாரத்தைச் சேமிக்கும் லைடன் சாடியும் பல்லாயிரம் வோல்ட்டில் பொறி பறக்கவிட்டுக்கொண்டிருந்தன. ஒரு ஜோடித் தகடு தருவதோ ஏறத்தாழ ஒரு வோல்ட். ஆனால் சாடியின் மின்சாரம் கண்ணிமைக்கும் முன் தீர்ந்துவிடும். அடுக்கின் மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்தது. இந்த மின்கலத்தின் பெருமை வலிமையில் இல்லை, இந்தத் தொடர்ச்சியில்தான் இருக்கிறது. அதே ஆண்டு மே மாதம், கடிதம் அச்சேறுமுன்பே, ஆங்கிலேயர்களான நிக்கல்சனும் கார்லைலும் ஓர் அடுக்கைக் கட்டித் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்தார்கள். 1807இல் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி இத்தகைய மின்சாரத்தைக் கொண்டே பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிரித்தெடுத்தார். 1820இல் இயற்பியலாளர் ஓர்ஸ்டெட்டின் காந்த ஊசி விலகி நின்றதும், பக்கத்துக் கம்பியில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்ததால்தான்.

பாக்தாத் அருகே கிடைத்த பழைய மண்ஜாடியைக் காட்டி, மின்கலம் வோல்ட்டாவுக்கு வெகுகாலம் முன்பே இருந்தது என்பார்கள். செப்புக் குழாயும் இரும்புக் கம்பியும் அதில் இருப்பது உண்மை. புளித்த சாறு ஊற்றினால் சிறிது மின்னழுத்தம் வரும் என்பதும் உண்மை. ஆனால் அதை எதனுடனாவது இணைத்ததற்கான தடயம் எதுவும் கிடைக்கவில்லை. ஆகக்கூடிய ஒன்றை ஆகிவிட்ட ஒன்றாக வரலாறு எண்ண முடியாது.

இதைவிடக் கனமான மறுப்பு வேறொன்று. வோல்ட்டாவின் அடுக்கு அப்படியொன்றும் நிலையாக ஓடவில்லை. தகட்டில் ஹைட்ரஜன் குமிழ்கள் படிந்து, சிறிது நேரத்திலேயே மின்னோட்டம் தளரும். மின்னோட்டத்தை அளக்க முனைந்த ஓம், இதனால் அலுத்து 1826இல் வெப்ப வேறுபாட்டால் மின்சாரம் தரும் வெப்பமின் இரட்டைக்கு மாறினார். அப்படியானால் தொடர்ச்சி என்பது மிகையா? இல்லை, தளர்வதைக் காண வேண்டுமென்றால்கூட ஓட்டம் சிறிது நேரமாவது நீடிக்க வேண்டும். மேலும், இரு உலோகங்கள் தொட்டுக்கொள்வதே மின்சாரத்தின் ஊற்று என்ற வோல்ட்டாவின் விளக்கத்தை ஆட்டம் காணச்செய்ததும் இந்த நீடிப்புதான்: ஓட்டம் தொடரத் தொடரத் துத்தநாகம் அரிக்கப்பட்டது, வேதிவினையே மூலம் என்ற கட்சி வலுத்தது. 1836இல் டேனியல் என்பவர் மின்கலத்தில் செப்புச் சல்பேட்டுக் கரைசலைச் சேர்த்தார். குமிழுக்குப் பதில் செம்பு படிந்தது, சுமார் 1.1 வோல்ட் தளராமல் கிடைத்தது. தந்தி நிலையங்கள் அந்தக் கலத்தைத்தான் எடுத்துக்கொண்டன.