வேறு என்ன குடித்தீர்கள்?

மருத்துவமனைக்கு வரும் ஒருவரிடம் நாங்கள் முதலில் கேட்பவற்றுள் ஒன்று, என்னென்ன மருந்துகள் உட்கொள்கிறீர்கள் என்பது. "ஒன்றும் இல்லைங்க டாக்டர்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. அது பொய்யன்று. மூன்று மாதமாகக் காலையில் வெறும் வயிற்றில் சீந்தில் கஷாயம் குடித்து வருபவரும் இதே விடையைத்தான் சொல்வார். அவர் கணக்கில் கஷாயம் மருந்தில் சேராது. ரசம், மோர், சுக்குக் காப்பி போல அதுவும் அடுக்களையில் கொதிப்பது. ஆகவே நாங்கள் இரண்டாவதாக ஒரு கேள்வி வைத்திருக்கிறோம்: "வேறு என்ன குடித்தீர்கள்?"

இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கத் தாமதமானால், கல்லீரலோ சிறுநீரகமோ எதனால் பழுதுபட்டது என்று தெரியாமல் பரிசோதனைக்கு மேல் பரிசோதனை செய்துகொண்டிருப்போம். அந்நாட்களிலும் வீட்டிலிருந்து பிளாஸ்கில் அதே கஷாயம் வார்டுக்கு வந்துகொண்டிருக்கும். அன்போடு கொண்டுவருபவரை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். ஆனால் எங்களுக்கு அது தெரிந்தாக வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் பகுதிகளில் இருந்து வருவோரிடம் இக்கேள்விக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. ஷிப்டு முறையில் உழைப்பவர்களுக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் விடுப்பு எடுப்பதே பெரும்பாடு. ஊரிலிருந்து அம்மா கட்டிக்கொடுத்த வேர்ப்பொட்டலம், அறை நண்பர் அனுப்பிய வீடியோ, சந்தையில் வாங்கிய பெயர் தெரியாத பொடி எல்லாம் அந்த இடத்தை நிரப்புகின்றன. வடமாநிலங்களிலிருந்து வந்து இங்கு உழைப்பவர்கள் கஷாயத்தைக் 'காடா' என்பார்கள். சீந்திலைக் 'கிலோய்' என்பார்கள். ஒரே அறையில் ஆறு பேர் தங்கி, ஒருவர் காய்ச்சியதை அறுவரும் குடிப்பதும் உண்டு. பெயர் மாறுவதால் நாம் கேட்பது அவர்களுக்குப் புரிவதில்லை. அவர்கள் சொல்வது நமக்குப் புரிவதில்லை.

இக்கட்டுரை சித்த மருத்துவத்துக்கு எதிரானது அன்று. நிலவேம்புக் குடிநீரில் சேர வேண்டிய சரக்குகள் ஒன்பது. கபசுரக் குடிநீரில் பதினைந்து. எந்தச் சரக்கு எவ்வளவு, எத்தனை நாள், யாருக்கு என்பதற்கெல்லாம் அம்மருத்துவத்தில் வரையறை உண்டு. காய்ச்சிய குடிநீருக்கு அந்த மரபு தரும் ஆயுள் மூன்று மணி நேரமே. மூன்று நாளுக்குச் சேர்த்துக் காய்ச்சி ஃபிரிட்ஜில் வைத்துக் குடிப்பவர் மரபைப் பின்பற்றுவதாக எண்ணிக்கொள்ளலாம். மரபு அதை ஒப்புக்கொள்ளாது. மூலிகை குடிக்க விரும்புவோர் தகுதி பெற்ற சித்த மருத்துவரைக் கேட்டுவிட்டுக் குடிக்கட்டும். நம் பகுதிக்கு அருகிலேயே, தாம்பரம் சானடோரியத்தில், தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது.

சீந்திலின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கொரோனா காலத்தில் நோய் எதிர்ப்பாற்றலுக்கென்று நாடெங்கும் இக்கொடியின் தண்டைக் கொதிக்க வைத்துக் குடித்தார்கள். 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மும்பையில் ஆறு பேர் கல்லீரல் பாதிப்புடன் மருத்துவர்களிடம் வந்தனர். ஆறு பேருமே சீந்தில் உட்கொண்டிருந்தனர்; அவர்களுள் ஒருவர் உயிர் பிழைக்கவில்லை. அடுத்து, நாட்டின் 13 மருத்துவ மையங்களைச் சேர்ந்த கல்லீரல் மருத்துவர்கள் இதே போன்ற 43 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 2022இல் வெளியிட்டனர். தம் உடலையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோயின் கூறுகள் அவர்களுள் பலரிடம் காணப்பட்டன. எதிர்ப்பாற்றலைத் தூண்டும் என்று நம்பிக் குடித்தது, தூண்டக் கூடாத இடத்தில் தூண்டிவிட்டது என்பதே மருத்துவர்கள் தந்த விளக்கம்.

ஆயுஷ் அமைச்சகம் இதை ஏற்கவில்லை. சீந்திலைப் போலவே தோற்றமளிக்கும் வேறு கொடிகள் உண்டு, அவற்றைத் தவறாகப் பறித்திருக்கலாம் என்று 2021இல் அறிக்கை விட்டது. இவ்வாதத்தில் தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலை அன்று. ஆனால் நோயாளியின் இடத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே இடத்திற்குத்தான் வருகின்றன. உண்மையான சீந்திலே சிலருக்குத் தீங்கு செய்யுமானால் தானாகக் குடிப்பது ஆபத்து. பயின்றவர்களே மயங்கும் அளவுக்கு வேறொரு கொடி அதைப் போலிருக்குமானால், வேலியோரத்தில் தானாகப் பறித்துக் குடிப்பது அதைவிட ஆபத்து.

கல்லீரல் ஏன் முதலில் அடிபடுகிறது? குடலில் உறிஞ்சப்படும் பொருள்களுள் பெரும்பாலானவை உடலின் மற்ற பகுதிகளுக்குச் செல்லும் முன் கல்லீரலைக் கடந்தாக வேண்டும். அது சுங்கச்சாவடி போன்றது. வருவதையெல்லாம் பிரித்துப் பார்த்து அனுப்பும். பிரிக்கும்போது உண்டாகும் நச்சு அங்கேயே தங்கிக் கல்லீரலின் செல்களை அழிக்கலாம். தொடக்கத்தில் சோர்வும் பசியின்மையும் குமட்டலும்தான் தெரியும். பிறகு சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போகும்; கண் மஞ்சளாகும்; உடல் அரிக்கும்.

இங்கேதான் எங்களை மிகவும் வருத்துகிற ஒன்று நடக்கிறது. கண் மஞ்சளானதும் வீட்டார் அதை மஞ்சள் காமாலை என்று சரியாகவே அறிந்துகொள்கிறார்கள். உடனே கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கத் தொடங்குகிறார்கள். காமாலைக்குக் காரணமான கஷாயம் நிற்பதில்லை. அதற்கு மேல் இன்னொன்று சேர்கிறது. காமாலை என்பது பல நோய்களின் ஓர் அடையாளம். கிருமி, பித்தக்கல், மது, மருந்து, மூலிகை என எதுவும் அதற்குக் காரணமாகலாம். எது என்று அறிய ஓர் இரத்தப் பரிசோதனையாவது வேண்டும். பேச்சில் குழப்பமும் பகலில் தூக்கமும் தோன்றிய பிறகு எங்களிடம் அழைத்து வந்தால், செய்யக்கூடியது குறைந்துபோகிறது.

சிறுநீரகத்திற்கு வருவோம். கேரளத்தில் இரும்பன்புளி என்று ஒரு காய் உண்டு. நம்மவர் சிலர் புளிச்சக்காய் என்பர். மீன்குழம்பில் இரண்டு மூன்று போட்டால் யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. கொழுப்பைக் கரைக்கும் என்ற நம்பிக்கையில் அதைக் கட்டிச் சாறாகப் பிழிந்து குடித்த பத்துப் பேருக்குத் திடீரெனச் சிறுநீரகம் செயலிழந்தது. அக்காயில் மிகுதியாக உள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்புச் சத்துடன் சேர்ந்து, சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் படிகங்களாக அடைத்துக்கொண்டது. ஐந்து மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட அப்பத்துப் பேரில் ஏழு பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. 2013இல் மருத்துவ இதழில் வெளியான செய்தி இது. குழம்பில் காயாக உண்பதும் டம்ளரில் சாறாகக் குடிப்பதும் ஒன்றல்ல. ஒரு டம்ளருக்குள் எத்தனை காய் அடங்கியிருக்கிறது என்பது நாக்குக்குத் தெரிவதில்லை. எட்டு டம்ளர் நீரை ஒரு டம்ளராகச் சுண்டக் காய்ச்சும் கஷாயமும் அப்படித்தான்.

வாழைத்தண்டுச் சாறும் இவ்வகையில் எண்ணத்தக்கது. சிறுநீரகக் கல்லுக்கு அதைக் குடிப்போர் பலர். சிறுநீரகம் நன்றாக இயங்குபவர்க்கு அளவோடு குடிப்பதில் பெரும் தீங்கில்லை. ஆனால் சிறுநீரகம் ஏற்கெனவே பழுதுபட்டவர்களும், டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும், 'சிறுநீரகத்துக்கு நல்லது' என்று கேட்டுக் குடித்தால், அதிலுள்ள பொட்டாசியம் வெளியேற வழியின்றி இரத்தத்தில் ஏறி, இதயத் துடிப்பையே நிறுத்திவிடக் கூடும். இளநீருக்கும் கீரைச் சாறுகளுக்கும் இது பொருந்தும்.

அதிமதுரம் இதற்கு நேர்மாறு. தொண்டைக்கு இதமானதுதான். நாள்தோறும் வாரக்கணக்கில் குடித்தால் அது உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றிவிடும். இரத்த அழுத்த நோயாளிக்கு அழுத்தம் ஏறும். நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்தால் கால் துவண்டு, நெஞ்சு படபடக்கும். 'மாத்திரை ஒழுங்காகப் போட்டும் பிரஷர் இறங்கவில்லை' என்று வருவோரிடம் இருமலுக்கு என்ன குடிக்கிறீர்கள் என்று நாங்கள் கேட்பது இதனால்தான். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சிறுகுறிஞ்சான் கஷாயமும் குடித்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கக் கூடும். இரவு ஷிப்டில் இயந்திரத்தின் முன் நிற்பவருக்கு அது எத்தகைய ஆபத்து என்பதை விளக்க வேண்டியதில்லை.

சுரைக்காய்ச் சாறு குடிப்போர் ஒரு துளியை முதலில் நாவில் வைத்துப் பார்க்க வேண்டும். கசந்தால் துப்பிவிட வேண்டும். கசப்புச் சுரைச் சாற்றால் நேர்ந்த மரணங்களை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் வல்லுநர் குழு ஆராய்ந்து, 2012இல் தன் முடிவை வெளியிட்டது. கசப்பைத் தரும் குக்குர்பிட்டேசின் என்னும் பொருளே நஞ்சு. அதற்கு மாற்று மருந்து இல்லை. வாந்தியும் வயிற்றுப்போக்கும் விரைவிலேயே தொடங்கும். இரத்த வாந்தி எடுத்து இரத்த அழுத்தம் சரியலாம். கசந்தால்தான் மருந்து என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கும் நம் வழக்கம் இங்கே உயிரைப் பறிக்கும்.

2020 ஏப்ரலில், நமக்கு அண்டையிலுள்ள சித்தூர் மாவட்டத்தில், கொரோனா வராமல் தடுக்கும் என்று ஒரு வீடியோவைப் பார்த்து ஊமத்தை விதையைக் கரைத்துக் குடித்தவர்கள், சிறுவர்கள் உட்பட, மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். கைக்குழந்தைகளுக்கோ மூலிகை நீர் எதையும் தாமாகத் தர வேண்டாம். அன்னாசிப்பூ போட்ட தேநீரால் சுமார் 40 பேர், அவர்களுள் 15 கைக்குழந்தைகள், நோயுற்றதாக அமெரிக்க அரசு 2003இல் எச்சரித்தது. காய்ந்தபின் பிரித்தறிய முடியாத நச்சு வகை ஒன்று அதில் கலந்திருக்கக் கூடும் என்பதே காரணம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தமிழகத்தில் ஒரு குறிப்பிட்ட இலையின் கஷாயத்தை மன வேதனையில் குடித்துவிட்டு வருவோர் உண்டு. அதன் பெயரை இங்கே எழுத நாங்கள் விரும்பவில்லை. குடித்தவர் முதல் நாள் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார். 'ஒன்றும் ஆகவில்லையே' என்று வீட்டார் அழைத்துச் சென்றுவிட நினைப்பார்கள். அதற்குப் பின்னரும் இதயத் துடிப்பு தடுமாறலாம். எனவே மருத்துவர் சொல்லும் வரை அவரை வீட்டுக்கு அழைத்துச் செல்லாதீர்கள். யார் மீதும் கோபம் கொள்ளும் நேரம் அதுவன்று. வீட்டில் ஒருவர் வாழ்வை வெறுத்துப் பேசத் தொடங்கினால், 14416 என்னும் டெலிமானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

எதையேனும் குடித்தபின் உடல் மாறினால் 108ஐ அழையுங்கள். உப்புக் கரைசலோ புளிக் கரைசலோ கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மயங்கியவருக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும். தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் நச்சுத் தகவல் மையத்தைக் கட்டணமின்றி 1800 116 117 என்ற எண்ணில் கேட்கலாம். பாத்திரத்தைக் கழுவிவிடாதீர்கள். மிச்சக் கஷாயம், பொடி வந்த உறை, செடியாக இருந்தால் இலையும் பூவும் உள்ள ஒரு கிளை ஆகியவற்றை எடுத்து வாருங்கள். கிளையைக் காகிதத்தில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் பையில் அழுகிவிடும். கஷாயத்தை எதில் ஊற்றி வைத்திருந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். ஆலையிலிருந்து வந்த காலிக் கேனாக இருந்தால் நாங்கள் தேட வேண்டிய நஞ்சே வேறாக இருக்கலாம்.

கஷாயம் குடித்தேன் என்று சொன்னால் டாக்டர் திட்டுவார் என்ற அச்சம் பலருக்கு உண்டு. திட்ட மாட்டோம். காய்ச்சித் தந்தது ஊரிலிருக்கும் பாட்டி என்றால், தொலைபேசியில் அவரை அழைத்து எங்களிடம் கொடுங்கள். அதில் என்னென்ன போட்டார் என்று அவரிடம் நாங்களே கேட்டுக்கொள்கிறோம்.