பின் டயர்: பருத்ததா, பொருத்தமானதா?

"நானா, பின் வீலுக்கு 150 ஒண்டு போட ஏலுமா?" மோட்டார் சைக்கிள் டயர் விற்கும் எவரும் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்கும் தம்பியின் வண்டிக்குக் கம்பனி போட்டுக் கொடுத்தது 140, அல்லது அதைவிடச் சிறியது. பின்னால் நின்று பார்ப்பவர்களுக்கு அது பெரிய வண்டி போலத் தெரிய வேண்டும் என்பதே அவரது ஆசை. கடையில் 150 இருக்கிறது. 140இல் கிடைப்பதைவிட அதில் நாலு காசு கூடுதலாகவும் கிடைக்கும். அப்படியானால் கொடுத்து அனுப்புவதில் என்ன தவறு என்று கேட்கும் கடைக்காரர்கள் எம்மில் இருக்கிறார்கள். அவர்களுக்கும், டயர் வாங்கப் போகும் பிள்ளைகளுக்கும், அதற்குக் காசு கொடுக்கும் வாப்பாமாருக்கும் சேர்த்துத்தான் இவ்வாரம் எழுதுகிறேன்.

முதலில் டயரின் பக்கத்தில் உள்ள எழுத்துக்களைப் பார்ப்போம். 140/60-17 என்றிருந்தால் 140 என்பது மில்லிமீட்டரில் அகலம். 60 என்பது பக்கச் சுவரின் உயரம், அதாவது அகலத்தில் 60 வீதம். இங்கே 84 மில்லிமீட்டர். 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். பலர் முதல் எண்ணை மட்டும் சொல்லி டயர் கேட்கிறார்கள். நடு எண்ணைக் கேட்காமல் டயரை எடுத்து நீட்டும் கடைக்காரர் இன்னும் டயர் வியாபாரத்தைப் படிக்கவில்லை என்றுதான் சொல்வேன்.

ஏனென்றால் 140/60க்குப் பதிலாக 140/70 போட்டால் அகலம் ஒன்றுதான், ஆனால் சில்லு மொத்தமாக 28 மில்லிமீட்டர் பெருத்து விடுகிறது. வண்டியின் பின்பக்கம் 14 மில்லிமீட்டர் உயர்கிறது. பின்பக்கம் உயர்ந்தால் முன் போர்க் நிற்கும் சாய்வும் மாறும். சைட் ஸ்டாண்டில் நிறுத்தினால் வண்டி முன்னரைவிடக் கூடுதலாகச் சாய்ந்து நிற்கும். சில்லு ஒரு சுற்றுக்கு ஓடும் தூரம் நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து கூடுவதால், பெரிய ஸ்ப்ரொக்கட் போட்டது போல வண்டி எழுந்து ஓடும் என்று நினைத்தால் நடப்பது அதற்கு நேர் எதிர், இழுவை குறையும். கியர் பெட்டியிலிருந்து அளவெடுக்கும் ஸ்பீடோமீட்டர் என்றால் அது 60 காட்டும்போது உண்மையில் முன்னரைவிட மூன்று கிலோமீட்டர் கூடுதலாக ஓடிக் கொண்டிருப்பீர்கள்.

இனி ரிம்முக்கு வருவோம். இந்த விடயத்தின் உயிர் நாடியே அதுதான். டயரில் அச்சிட்டுள்ள அகலம், அந்த டயருக்கென்று விதிக்கப்பட்ட ரிம்மில் மாட்டி அளந்தது. 100/90-17க்கு இரண்டரை அங்குலம், 130/70-17க்கு மூன்றரை, 140/70-17க்கு நாலு, 160/60-17க்கு நாலரை, 180/55-17க்கு ஐந்தரை என்று அந்த அளவு ரிம்கள் போகின்றன. ஒவ்வொன்றுக்கும் சற்றுக் கூடக் குறைய அனுமதி உண்டு; டயர்க் கம்பனிகளின் பட்டியலில் அதைப் பார்க்கலாம். ரிம்மின் அகலமோ ரிம்மிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். சேற்றைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் தெரியும். நாங்கள்தான் பார்ப்பதில்லை.

ஒடுங்கிய ரிம்மில் அகல டயரை ஏற்றினால் என்ன நடக்கிறது? டயரின் இரு விளிம்புகளும் உள்ளே இழுபடுகின்றன. அரை அங்குலம் ஒடுங்கினால் டயரின் அகலமும் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் குறைந்து விடும். 150க்குக் காசு கொடுத்த பிள்ளை 145ஐ ஓட்டிக் கொண்டு போகிறார். அது மட்டுமா? இழுபட்ட டயரின் நடுப்பகுதி கூம்பி நிற்கும். நேராக ஓடும்போது தரையில் பதிவது ஒடுங்கிய ஒரு பட்டை மட்டும். அந்தப் பட்டை முதலில் தேயும். ஓரங்கள் புதிதாகவே இருக்க, நடுப்பகுதி மொட்டையாகிவிட்ட டயர்களைக் கராஜ்களின் மூலையில் பார்த்திருப்பீர்கள். அவற்றில் சிலவற்றின் கதை இதுதான்.

"பெரிய பைக்குகளுக்கு மட்டும் எப்படி?" என்று கேட்பார்கள். ஜப்பானின் பழைய ஹோர்னட் 250க்கு 180/55-17 கம்பனியிலேயே வந்தது. என்ஜின் வெறும் 250தான். ஆனால் அந்த ரிம்மும், ஸ்விங் ஆர்மும், செயின் ஓடும் கோடும் அந்த டயருக்கென்றே அமைக்கப்பட்டவை. இதைவிட நல்ல பாடம் யமஹா ஆர்15. 2008இல் இந்தியாவில் வந்த முதல் ஆர்15க்குப் பின்னால் 100/80-17. பார்ப்பதற்கு மெல்லியது என்று அப்போதே முறைப்பாடு இருந்தது. 2011இல் இரண்டாவது வடிவத்தில் 130/70 ஆனது; 2018இல் மூன்றாவதில் 140/70. இரண்டாவது வடிவத்தில் 130ஐப் போடும்போது கம்பனி டயரை மட்டும் மாற்றவில்லை. சில்லுகளையும் மாற்றியது, ஸ்விங் ஆர்மை நீளமான அலுமினியத்தில் புதிதாகச் செய்தது, முன் டயரையும் 80இலிருந்து 90 ஆக்கியது. அத்தனை என்ஜினியர்மார் இருந்து செய்த வேலையை நாங்கள் ஒரு லீவரும் சோப்புத் தண்ணீரும் வைத்துக்கொண்டு அரை மணித்தியாலத்தில் செய்யப் பார்க்கிறோம்!

வளைவில் அகல டயர் நன்றாகப் பிடிக்கும் என்பது இன்னொரு நம்பிக்கை. அதே வளைவை அதே வேகத்தில் எடுக்க, அகல டயர் போட்ட வண்டியைக் கூடுதலாகச் சாய்க்க வேண்டும் என்பதுதான் உண்மை. சாயும்போது தரையைத் தொடும் இடம் வண்டியின் நடுக்கோட்டிலிருந்து விலகிப் போவதே காரணம். சில்லின் பாரமும் கூடுவதால் பக்கத்துக்குப் பக்கம் மாற்றிச் சாய்ப்பதும் மந்தமாகும். கடுகண்ணாவை வளைவுகளில் மழை நேரத்தில் இறங்குபவருக்கு இது சிறு விடயமல்ல. நோன்பு காலத்தில் தராவீஹ் முடிந்த கையோடு வீதியில் பைக் பறக்கவிடும் எங்கள் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வைக்க வேண்டும். அதற்கு முதல் ஹெல்மட் போடச் சொல்ல வேண்டும் என்பது வேறு கதை.

இடைவெளியையும் பார்க்க வேண்டும். டயருக்கும் செயினுக்கும், ஸ்விங் ஆர்முக்கும், மட்கார்டுக்கும் நடுவே விரல் நுழையும் இடம் இருக்கிறதா என்று நிறுத்தி வைத்துப் பார்ப்பது மட்டும் போதாது. ஓட்டத்தில் டயர் சூடாகிச் சற்று விரியும். செயினை இறுக்கும்போதும் மாற்றும்போதும் அச்சு முன்னும் பின்னும் போகும். இன்று உரசாதது செயின் மாற்றிய பிறகு உரசலாம். உரசுகிறது என்று செயின் கவரை வெட்டுவதையும், சில்லை ஒரு பக்கம் தள்ளி வாசர் போடுவதையும் பாஸ்மார் திறமையாகச் செய்கிறார்கள். முன் சில்லும் பின் சில்லும் ஒரே கோட்டில் ஓடாத வண்டியில் பிள்ளையை அனுப்ப எந்த வாப்பா சம்மதிப்பார்?

அளவுக்குப் பின்னால் வரும் எண்ணையும் எழுத்தையும் எம்மவர் பார்ப்பதே இல்லை. யமஹா எப்.ஸீ.யின் பின் டயரில் 63 பி என்றிருக்கும். 63 என்றால் அந்த டயர் 272 கிலோ வரை தாங்கும். பி என்றால் மணிக்கு 150 கிலோமீட்டர் வரை. எஸ் என்றால் 180, எச் என்றால் 210. பின்னால் மனைவி, நடுவில் ஒரு பிள்ளை, டேங்கில் ஒரு பிள்ளை என்று ஓடும் நாடு இது. கம்பனி சொன்னதைவிடக் குறைந்த எண் கொண்ட டயர், அகலம் எவ்வளவு இருந்தாலும், எடுக்கவே கூடாது. கம்பனி ரேடியல் கொடுத்திருந்தால் ரேடியலே போடுங்கள். பக்கத்தில் உள்ள அம்புக்குறி சில்லு சுழலும் திசையைப் பார்க்க வேண்டும். தலைகீழாக மாட்டிய டயர்கள் ஏராளம்.

வண்டியின் சரியான அளவை எப்படி அறிவது? இப்போது மாட்டியிருக்கும் டயரைப் பார்த்து அல்ல! 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் ஒரே வண்டி பல கைகள் மாறியது. முந்திய சொந்தக்காரர் எதைப் போட்டாரோ, அதற்கு முந்தியவர் எதைப் போட்டாரோ, யாருக்குத் தெரியும்? ஸ்விங் ஆர்மிலோ செயின் கவரிலோ ஒட்டிய ஸ்டிக்கரைப் பாருங்கள். அது கிழிந்து போயிருந்தால் கையேட்டைப் பாருங்கள், அதுவும் இல்லாவிட்டால் முகவரிடம் கேளுங்கள். பழைய பல்சர் 150க்கு 100/90-17, என்.எஸ். 200க்கு 130/70-17. இரண்டும் பல்சர்தானே என்று ஒன்றைக் கழற்றி மற்றதற்குப் போடுபவர்கள் இருக்கிறார்கள். வெளி விட்டம் இரண்டுக்கும் ஏறக்குறைய சமம், ரிம் சமமல்ல.

இப்போது வியாபாரத்துக்கு வருகிறேன். 150உம் 160உம் கடையில் தேங்கிக் கிடப்பதாலேயே அவற்றைச் சிறிய வண்டிகளின் தலையில் கட்டும் பழக்கம் எம்மிடையே வந்திருக்கிறது. டயருக்கு வயது உண்டு. பக்கத்தில் நாலு இலக்கமாக இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ரப்பர் நிழலில் இருந்தாலும் இறுகும். பழைய டயரைக் கறுப்புப் பொலிஷ் பூசி மினுக்கி வைப்பதற்கும், ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்தபோது உள்ளே இருந்த ஈரத்துக்கும் என்ன வித்தியாசம்? ஈரத்தை மேலே வைத்திருக்க வேண்டியதுதானே என்று கேட்டார்கள். வாங்குபவர் அந்த நாலு இலக்கத்தை வாசிக்கத் தெரியாதவர் என்றால் வாசித்துச் சொல்வது எங்கள் கடமை.

இலாபமும் இதில் கெடாது. உங்கள் ஊரில் எந்த வண்டிகள் ஓடுகின்றன என்று ஒரு மாதம் குறித்துப் பாருங்கள். நாலைந்து அளவுகளில்தான் பெரும்பகுதி விற்கும். அவற்றைப் புதிதாக, கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். டீ.எஸ்.ஐ., சியட் களனி போன்ற உள்நாட்டுத் தயாரிப்புகளும் இருப்பதால் கப்பலை எதிர்பார்த்துப் பெருந்தொகையாக வாங்கிக் குவிக்க வேண்டியதில்லை. 160 கேட்டு வருபவருக்கு, ரிம் நாலரை அங்குலம் என்று கண்ணால் பார்த்த பிறகு ஓடர் எடுத்துக் கொடுங்கள். பில்லில் வெறுமனே "டயர் 1" என்று எழுதாமல், டயரின் முழு அளவு, தாங்கும் எண், தயாரித்த வாரம், வண்டியின் ரிம் அகலம் நான்கையும் எழுதி, பிரதியைக் கடையிலும் வைத்துக்கொள்ளுங்கள்.