வீட்டு நாயும் வெளிநாட்டுப் பயணமும்

ஊர் மாறும் குடும்பத்தார் கட்டில், பீரோ, பாத்திரம் யாவற்றிற்கும் முன்கூட்டியே ஏற்பாடு செய்கின்றனர். வாயிற்படியில் படுத்திருக்கும் நாயைப் பற்றிய நினைவு மட்டும் விமானச் சீட்டு வாங்கிய பின்னரே பிறக்கிறது.

லேக் மார்க்கெட்டை அடுத்து வாழ்ந்த நம்மவர் குடும்பம் ஒன்றிற்கு நேர்ந்ததைக் கூறுவோம். தலைவருக்கு இலண்டனில் உத்தியோகம் கிடைத்தது. 6 வாரத்தில் புறப்பட வேண்டும். நாயின்றி வரமாட்டோம் என்று பிள்ளைகள் அழுதனர். “ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறோம், அட்டையும் இருக்கிறது. என்ன தடை, சார்?” என்று அவர் நம்மிடம் வினவினார். இரயில்வே குமாஸ்தாவுக்கு எல்லாப் போக்குவரத்து விதியும் தெரியும் என்பது அன்பர்களின் எண்ணம்! நாமும் விசாரித்தே கூறினோம்.

தடை ஊசியில் இல்லை, வரிசையில் இருந்தது. பிரிட்டனுக்குச் செல்லும் நாயின் தோலுக்கடியில் ‘மைக்ரோசிப்’ எனும் அரிசியளவான அடையாளச் சில்லை முதலில் பொருத்த வேண்டும். அதன் பின்னர்ப் போட்ட ஊசியே கணக்கில் சேரும். முன்னர்ப் போட்டவை எத்தனையாயினும் செல்லா. ஊசி பெற்றது இந்த நாய்தான் என்பதற்குச் சான்றில்லை அல்லவா? ஊசி போட்டு 30 நாள் சென்றபின் இரத்தம் எடுத்து, அந்நாட்டார் ஏற்றுள்ள ஆய்வகத்திற்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்பாற்றல் மில்லிலிட்டருக்கு 0.5 அலகேனும் இருத்தல் வேண்டும். இரத்தம் எடுத்த நாளிலிருந்து மேலும் 3 மாதம் காத்திருப்பு. வெறிநோய் உடலில் மாதக்கணக்கில் மறைந்திருக்கக் கூடியதாதலின் இவ்விதி. ஐரோப்பிய ஒன்றியத்தாரின் முறையும் பெரும்பாலும் இதுவே. ஆக, 4 மாதம் வேண்டும். அவரிடம் இருந்ததோ 6 வாரம்! 2012-க்கு முன்னர் இந்திய நாய்கள் அங்கே 6 மாதம் தனிக்காவலில் இருந்தன என்பதை எண்ணினால் இது சலுகையே.

குடும்பம் முன்னே சென்றது. நாய் கீழ்வீட்டு வங்காள மாசிமாவிடம் தங்கிற்று. அங்கும் ஒரு சிக்கல். உடையவர் பயணத்திற்கு முன்பின் 5 நாளுக்குள் வந்தால்தான் அது வீட்டுப் பிராணி. இன்றேல் வாணிபச் சரக்கின் விதிகள் பாயும். ஆகவே நாயை அழைத்துச் செல்வதற்கென்றே தந்தையார் மீண்டும் கொல்கத்தா வந்தார். பிரிட்டனுக்கு விமானத்தில் வரும் நாய் சரக்காகப் பதிவு பெற்றே இறங்க வேண்டும். இறங்குவதற்கு 24 மணி முதல் 120 மணி நேரத்திற்கு முன் நாடாப்புழு மருந்தும் கொடுத்திருக்க வேண்டும். செலவு அவருடைய சீட்டுக் கட்டணத்தையும் விஞ்சிவிட்டது. ஆஸ்திரேலியா செல்வோர் நிலை இதனினும் கடினம். இந்தியாவிலிருந்து நேரே நாயைக் கொண்டு செல்ல அங்கு அனுமதியில்லை.

சென்னைக்குத் திரும்புவோர்க்கு வழி எளிது. முதல் வகுப்பு ஏ.சி.யில் இருவர் கூப்பேயோ நால்வர் அறையோ முழுவதும் நம் பெயரில் இருந்தால் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். பார்சல் ஆபீஸில் தனியே பதிவு செய்தல் வேண்டும். ஏனைய ஏ.சி. வகுப்புகளிலும் ஸ்லீப்பரிலும் பெரிய நாய்க்கு இடமில்லை. கார்டு வண்டியிலுள்ள நாய்ப்பெட்டி உண்டு. ஆயினும் ஹௌராவிலிருந்து சென்னை ஏறக்குறைய 1,660 கிலோமீட்டர். சித்திரை வெயிலில் அவ்விருட்டுப் பெட்டிக்குள், பழக்கமற்ற ஓசையினூடே ஒரு பகலும் ஓர் இரவும்! நம் நாயாயின் நாம் அனுப்போம்.

கிளி வளர்ப்போர் கேட்கவே வேண்டாம். நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்திருப்பதே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

மூப்படைந்த நாயை இத்தனைக்கும் உட்படுத்துதல் தகாது என்பது நம் கருத்து. அதனை அறிந்த ஒருவரிடம், உணவுச் செலவுக்கும் வைத்தியத்திற்கும் ஏற்பாடு செய்து ஒப்படைப்பதே நன்று. வளர்த்த நாயை ஏரிக்கரையில் விட்டுச் சென்றவரையும் அறிவோம். 1960-ஆம் ஆண்டு பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி அது தண்டனைக்குரியது. கழுத்துப்பட்டையோடு அந்நாய் ரவீந்திர சரோவரில் ஒரே பெஞ்சின் அருகே பல நாள் படுத்திருந்தது. மாலையில் உலாவ வருவோர் ஒவ்வொருவரையும் எழுந்து முகர்ந்து பார்த்துவிட்டு, மீண்டும் படுத்துக்கொள்ளும்.