லாக்கெல்லி தோல்வார்

ஸ்காட்லாந்தில் அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் பள்ளிக்கூட நாட்களைப் பற்றிக் கேட்டால், பேச்சு பெரும்பாலும் 'டாஸ்' பக்கம் வந்துவிடும். மாணவர்களின் உள்ளங்கையில் அடிப்பதற்கென்றே செய்யப்பட்ட தோல்வார் அது. இங்கிலாந்துப் பள்ளிகளில் பிரம்பு இருந்த இடத்தில் ஸ்காட்லாந்தில் இது இருந்தது.

பெயர் தோல் தொழிலிலிருந்து வந்தது. பழைய ஸ்காட்ஸ் மொழியில் 'டா' என்றால் தோலைப் பதனிடுவது. பதனிட்ட தோலின் கீற்றுக்கும் அதே பெயர். பல கீற்றுகள் என்றால் 'டாஸ்'. பன்மையாகப் பிறந்த அந்தச் சொல் பின்னாளில் ஒற்றை வாருக்கே நிலைத்துவிட்டது. மாணவர்கள் 'பெல்ட்' என்றுதான் சொன்னார்கள்.

ஃபைஃப் பகுதியில் உள்ள லாக்கெல்லி, நிலக்கரிச் சுரங்கத்தை நம்பிப் பிழைத்த ஊர். அங்கே சேணம் தைக்கும் ஜான் டிக்கின் பட்டறையில் செய்த வார்கள் ஸ்காட்லாந்து முழுக்கப் போயின. தடித்த ஒற்றைத் தோலை ஏறக்குறைய இரண்டடி நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையை இரண்டாகவோ மூன்றாகவோ கீறி வால் விடுவார்கள். லேசானது முதல் மிகக் கனமானது வரை எடைவாரியாகக் கிடைத்தது. ஆசிரியர்களே காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொண்டார்கள். மாணவர் ஒரு கையின்மேல் இன்னொரு கையை வைத்து நீட்ட வேண்டும். அப்போது அடி விழும் கை கீழே இறங்காது. தலைமுறைகளாகத் தேறிய ஒரு கைத்தொழில், குழந்தையின் கையை வலிக்கச் செய்வதற்குப் பயன்பட்டது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்தத் தண்டனையை முடிவுக்குக் கொண்டுவந்த வழக்குகளில் ஒன்று பக்கத்து ஊரான கௌடன்பீத்திலேயே பிறந்தது. 1976இல் அங்கே ஒரு மாணவன், போகக் கூடாத குறுக்குவழியாகக் கல்லறைத் தோட்டத்துக்குள் புகுந்து வீட்டுக்குப் போக முயன்றான். தண்டனைக்குக் கை நீட்ட மறுத்தான்; பெற்றோர் அவன் பக்கம் நின்றார்கள். பள்ளியிலிருந்து நீக்கிவைக்கப்பட்டவன் திரும்பப் போகவே இல்லை. அவனுடைய தாய் ஜேன் கோசன்ஸும், வேறொரு பள்ளி மாணவனின் தாயான கிரேஸ் கேம்பெல்லும் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் வரை போனார்கள். பிள்ளையை அடிக்கக் கூடாது என்ற பெற்றோரின் கொள்கையைப் பள்ளி மதித்தாக வேண்டும் என்று 1982 பிப்ரவரி 25 அன்று தீர்ப்பு வந்தது.

அரசுப் பள்ளிகளில் அடிப்பதற்கான தடை 1987இல் நடைமுறைக்கு வந்தது. ஸ்காட்லாந்தின் தனியார் பள்ளிக் குழந்தைகள் அதே பாதுகாப்புக்காக 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.